விடிகாலை விமானம்: முதல் நாளே ஓட்டலா, வீட்டிலிருந்து நேராகவா?

விழுப்புரத்துக்காரர்களுக்குச் சென்னை விமான நிலையம் சுமார் 150 கி.மீ. காலை 6 மணிக்குச் சிங்கப்பூர் விமானம் என்றால் 3 மணிக்கே அங்கே நிற்க வேண்டும்.

வீட்டிலிருந்து காரில் கிளம்பினால் அறை வாடகை மிச்சம். ஆனால் நள்ளிரவுக்கு முன்பே புறப்பட வேண்டும். தொடர் விடுமுறை முடியும் இரவென்றால் சென்னைக்குள் நுழையும் பெருங்களத்தூரில் வண்டி ஊரும். பின்சீட்டில் பிள்ளைகள் கழுத்து மடங்கித் தூங்குவார்கள். ஓட்டுபவருக்கும் கண் சொக்கும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலம், பல்லாவரம் பக்கம் முதல் நாளே அறை எடுத்தால் பகலிலேயே ரயிலில் வந்துவிடலாம். செலவு கூடும், சரி. ஆனால் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு 2 மணி வரை காலை நீட்டித் தூங்கலாம். அந்நேரத்துக்கு மெட்ரோ இருக்காது. வண்டிக்கு முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓட்டல்தான்.