வீராவுக்காக வாங்கிய டைமர் பிளக்

வேலூர் லாங் பஜாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். திருகும் வட்டத்தைச் சுற்றி 96 பல். ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். எந்தப் பல்லை அழுத்தி வைக்கிறோமோ அந்த நேரத்தில் விளக்கு எரியும்.

எங்கள் நாய் வீராவுக்கு 13 வயது. தை மாதத்திலிருந்து பகலெல்லாம் திண்ணையில் தூக்கம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடப்பான். மொசைக் தரையில் நகம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் சுவரைப் பார்த்தபடி நின்றுவிடுவான். வயிறு பிசையும் எனக்கு.

கால்நடை மருத்துவர் வலி இருக்கிறதா, சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகுதான் சொன்னார்: "வயசாயிடுச்சும்மா. உள்ள இருக்கிற கடிகாரம் தளர்ந்துபோச்சு."

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே சேரும் இடத்துக்கு மேலே, அந்தக் கடிகாரம் இருக்கிறதாம். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத் தினமும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். வயதானால் அங்குள்ள செல்கள் ஒன்றோடொன்று இசைந்து ஓடாது. ராத்திரியில் சுரக்கும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோனும் குறையும். வீராவின் கண்ணிலோ நீலம் பூத்த மங்கல். ஆய்வுக்கூடத்து ஆம்ஸ்டர் எனும் வெள்ளெலிகளிலும் இதே தளர்ச்சிதான். கருவிலிருந்து எடுத்த கடிகாரச் செல்களைக் கிழட்டு ஆம்ஸ்டர்களுக்கு வைத்தபோது சிலவற்றில் தாளம் திரும்பியதாம். வீராவுக்கு அந்த வழி இல்லை. காலை வெளிச்சம் கொடுக்கலாம்.

அவன் பாயருகே பளிச்சென்ற எல்.ஈ.டி. விளக்கு, 5.30 முதல் 7 வரை. பிறகு விருதம்பட்டுப் பாலாற்றங்கரையில் நடை. நம்ம ஊர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் மண் சுடும். ராத்திரி 8 மணிக்குமேல் மங்கலான சின்ன பல்பு மட்டும். மூன்று வாரத்தில் 2 மணி நடை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. மற்ற நாள் விடியும்வரை தூங்குகிறான். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிவிடுகிறேன்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. கரண்ட் போனால் வட்டமும் நின்றுவிடும். ஒரு மணி நேரம் போனால் மறுநாள் 6.30க்குத்தான் வெளிச்சம் வரும். அன்றைக்கு வீராவும் குழம்பிப்போகிறான். அடிக்கடி கரண்ட் போகிற தெருவானால் பேட்டரி வைத்த டிஜிட்டல் வகையை வாங்குங்கள். இதையே வைத்திருப்பவர்கள், கரண்ட் வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வட்டத்தைத் திருப்பிவிடுங்கள். அம்புக்குறி காட்டும் பக்கமாக மட்டும்.