அரண்யபிரதேத்தில் ‘தூதரகம்’ என்று நிறுத்தினால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்

தாய்லாந்தில் முதுகுப்பையோடு சுற்றுகிறவர்கள் விசா முடியப்போகும் நேரத்தில் பக்கத்து நாட்டுக்கு ஓர் எட்டுப் போய்விட்டு வருவது வழக்கம்தான். 2024 ஜனவரியில் நானும் அப்படிக் கிளம்பினேன். 60 நாள் சுற்றுலா விசாவில் அன்று 59-ஆவது நாள். கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டு, அப்போது இந்தியர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த 30 நாள் விசா விலக்கில் திரும்பி வருவதாகத் திட்டம். கடைசி வரை இழுத்தடித்தது என் தப்பு.

பாங்காக்கிலிருந்து விடியற்காலை மூன்றாம் வகுப்பு ரயில். டிக்கெட் தாய்லாந்துப் பணத்தில் 50 பாட்கூட இல்லை. அந்த ரயில் எல்லையை ஒட்டி 2019-இல் திறந்த பான் குளோங் லுயெக் ஸ்டேஷன் வரைக்கும் போகும். எனக்கு அது தெரியாது. பெட்டியில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு எழுந்ததைப் பார்த்து, முந்தின ஸ்டேஷனான அரண்யபிரதேத்திலேயே இறங்கிவிட்டேன். அங்கிருந்து எல்லைக்குச் சில கிலோமீட்டர். ஏமாற்றுகிறவர்களுக்கு அந்தத் தூரம் போதும்.

“பார்டர்” என்றேன். டுக் டுக் காரர் தலையாட்டினார். ஆனால் ‘தூதரகம்’ என்று அவர் வண்டியை நிறுத்தியது ஒரு கட்டடத்தின் முன்னால். வாசலில் கம்போடியக் கொடி, ‘விசா’ என்று பெரிய பலகை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னைப்போல நாலைந்து பேர். காக்கிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் மேசையில் இருந்தார். “எல்லையில் விசா தருவதில்லை, இங்கேதான்” என்றார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். வாங்கியவர் அப்புறம் கையைவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. பேசும்போதெல்லாம் அதை விசிறிபோல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

1,800 பாட் கேட்டார். கம்போடிய சுற்றுலா விசா 30 டாலர், அன்றைய மதிப்பில் 1,100 பாட்டுக்குள் அடங்கும். அதைச் சொன்னதும் விசா தேதியைப் புரட்டிக் காட்டினார்: “நாளையோடு முடிகிறது. தங்கினால் தினம் 500 பாட் அபராதம். திரும்பி வர ஒரு கடிதமும் வேண்டும், அதற்கு 1,200.” அபராதம் உண்மை. கடிதம் சுத்தப் பொய். உண்மையையும் பொய்யையும் ஒரே மூச்சில் சொன்னால் பயந்துபோன மண்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. மொத்தம் 3,000 பாட் எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு பையன் பைக்கில் பாஸ்போர்ட்டோடு வந்தான். விசா அசல்! கொடுமையே அதுதான். என் பாஸ்போர்ட்டை எல்லைக்குக் கொண்டுபோய் விசா ஒட்டி வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போலி விசா என்றாலாவது போலீஸுக்குப் போகலாம். இங்கே எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது?

எல்லையில் நடந்துபோனபோதுதான் வரிசை புரிந்தது. முதலில் தாய்லாந்து வெளியேறும் முத்திரை. அதைத் தாண்டி நடந்தால்தான் கம்போடிய விசா அலுவலகம். ஆகவே தாய் முத்திரை விழுவதற்கு முன்னால் யார் ‘விசா இங்கே’ என்றாலும் அவர் தரகர். ஆன்லைனில் இ-விசா எடுத்திருந்தால் இவர்களோடு பேச்சே வந்திருக்காது. யார், எதற்கு என்று கேட்காமல் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள். அது அவர்கள் கைக்குப் போனபின் பேரம் கிடையாது.

மூன்றாம் நாள் திரும்பும்போது அந்தக் கடிதத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தே கொடுத்தேன். அதிகாரி அதைப் பிரிக்காமலே ஓரமாகத் தள்ளிவிட்டு, திரும்பிப்போகும் விமான டிக்கெட்டைத்தான் கேட்டார். அப்போது தரைவழியாக விசா விலக்கில் நுழைவது ஒரு காலண்டர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்று விதி இருந்தது; இப்போதைய விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். சுற்றுலா விசாவை 30 நாள் நீட்டிக்க தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்தில் கட்டணம் 1,900 பாட். எல்லைப் பக்கமே போக வேண்டாம்.

2025 ஜூனில் இரு நாட்டு மோதலால் இந்த எல்லை பயணிகளுக்கு மூடப்பட்டது. எந்த வழி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டுக் டுக் காரரிடம் மட்டும் கேட்காதீர்கள்.