பெரம்பூர் கிட்டார் பட்டறை: வேலை சுத்தம், தேதி மட்டும் கேட்காதீர்கள்

என் கிட்டார் கடையில் வாங்கியது இல்லை. கொடைக்கானலில் ஒருவர் கையால் செய்து கொடுத்தது. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பக்கமும் பக்கவாட்டும் ஈட்டி மரம், ஓரம் முழுக்க மேப்பிள் மரத்தில் பைண்டிங், அதாவது விளிம்பைச் சுற்றி வளைத்து ஒட்டிய மெல்லிய பட்டை. சர்ச் பாடகர் குழுவில் இதைத்தான் வாசிக்கிறேன். இந்த வருஷம் மழைக்கு முன்னால் கிட்டாரின் இடுப்பு வளைவில் பைண்டிங் பிரிந்து, சட்டையில் மாட்ட ஆரம்பித்தது.

முதலில் காட்டிய கடையில், “சூப்பர் குளூ விட்டா பத்து நிமிஷம் சார்” என்றார்கள். அந்தப் பசை தண்ணீராக ஓடும். பாலிஷ் விட்டுப்போன இடத்தில் ஸ்ப்ரூஸுக்குள் இறங்கினால் கறை நிரந்தரம். கிட்டாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டேன். குழுவில் வயலின் வாசிக்கும் அக்காதான் பெரம்பூர் மாஸ்டரைச் சொன்னார்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், ஒரு வீட்டு மாடி. போர்டு கிடையாது. பைக்கை நிறுத்தத் தனியாகப் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

மாஸ்டர் விலை பேசவே இல்லை. நகத்தால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். அப்புறம் மேஜையில் கிடந்த பஸ் டிக்கெட்டை இடுக்கில் செருகி, எதுவரை போகிறது என்று பென்சிலால் குறித்தார். கண்ணுக்குத் தெரிந்த பிளவைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு உள்ளே பசை பிடி விட்டிருந்தது. எதிர்ப்பக்க வளைவிலும் கொஞ்சம்.

“வளைச்ச மரம் தம்பி. நிமிரத்தான் பார்க்கும்” என்றார். பலகை ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. பைண்டிங் ஓடுவதோ அதன் நீளவாக்கில். பலகை சுருங்கி உள்ளே வாங்கும்போது பைண்டிங் கூடவே வராது, முதலில் விடுவது இடுப்பில்தான். ஏசி ஹாலுக்கும் வெளிப் புழுக்கத்துக்கும் மாறி மாறிப் போகிற கிட்டாருக்கு இது சகஜமாம்.

அருகில் உட்கார்ந்து பார்க்க விட்டார், அதற்கே தனி மார்க். பிளேடால் பாலிஷை மட்டும் கோடாகக் கீறிக்கொண்டார், இல்லாவிட்டால் பைண்டிங்கை அசைக்கும்போது செதிலாகப் பெயரும். பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். புதுப்பசைக்கு மரம் வேண்டும், காய்ந்த பசை அல்ல. பிறகு பசையே இல்லாமல் ஒரு முறை கட்டிப் பார்த்தார். கட்டியது பாவாடை நாடாவால்! உடம்பைச் சுற்றி இழுத்தால் நாடா மேட்டில்தான் அழுத்தும், இடுப்புப் பள்ளத்தைத் தொடாது. அதற்காக அதே வளைவில் செதுக்கி, கார்க் ஒட்டிய ஒரு கட்டை வைத்திருக்கிறார். அதைப் பள்ளத்தில் வைத்து, மேலே நாடா. இந்தக் கட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது.

பசை, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கிய வச்சிரம், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது. நாளைக்கு யாராவது பிரிக்க வேண்டி வந்தால் சூடும் ஈரமும் போதும், மரம் கிழியாது.

இனி குறை. “ரெண்டு நாள்ல சொல்றேன்” என்றவர், போனை எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரில் போய்க் கேட்டால், “மழை விடட்டும் தம்பி.” காரணம் நியாயமானதுதான். என் கிட்டாருக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ். காற்றில் ஈரம் அதிகமானால் அது வெளுத்துவிடும். சரி, அதை ஒரு மெசேஜில் சொல்லியிருக்கலாமே? கேரலுக்குக் கடன் கிட்டார்தான்.

திரும்பி வந்ததில் இணைப்பு இறுக்கம். விரலை ஓட்டினால் எதுவும் தட்டவில்லை. டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கீறிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். 2,500 ரூபாய், ஜிபே உண்டு, பில் இல்லை. இந்த வேலைக்கு நான் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாயிரம் ரூபாய் கிட்டாருக்கு இங்கே வர வேண்டியதில்லை.

பழைய கம்பியையே திரும்ப மாட்டித் தருவார், புது செட் வேண்டுமென்றால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) வேலைக்கும் கேட்டு வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எந்தத் தை என்று கேட்கவில்லை.