பிஎஸ்சி அரியரோட முடிச்சவங்களுக்கு நீட் கோச்சிங், ஃபேர்லேண்ட்ஸ்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு நீட் ரிப்பீட்டர் சென்டர்ல தம்பிய சேர்த்தோம், பிஎஸ்சிய அரியர் வச்சு தட்டுத்தடுமாறி முடிச்ச பையன், சொந்தக்காரங்க எல்லாம் இனிமே எங்க டாக்டர்னு பேசிட்டாங்க. பயாலஜி சார் தெளிவா சொன்னாரு, எம்பிபிஎஸ் சீட்டுக்கு டிகிரி மார்க்க பாக்க மாட்டாங்க, ப்ளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜில குறைஞ்சபட்ச மார்க் இருந்தா போதும், ரேங்க் நீட் மார்க்லதான், வயசு உச்சவரம்பும் இப்ப கிடையாது. 720ல 360 பயாலஜிக்கே, தப்பா அடிச்சா ஒரு மார்க் போகும்ல, அதனால டெஸ்ட் முடிஞ்சதும் தப்பு பண்ண ஒவ்வொரு கேள்விக்கும் உக்கார வச்சு சொல்லித் தராங்க, இதுக்கே ஃபீஸ் கொடுக்கலாம். பிசிக்ஸ் க்ளாஸ் மட்டும் ரொம்ப வேகம். ஆறாவதுலருந்து கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்க 7.5 சதவீத ஒதுக்கீட்ட பத்தியும் கேளுங்க, பொறுமையா சொல்றாங்க.