தெளிந்த ஏரியில் ஸ்மால்மவுத்: பல வசந்தங்கள் பயன்படுத்திய சாமான்கள் பற்றி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்தரை தெரிகிற தண்ணீரில் வசந்த காலத்து ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர், லூருக்குக் (செயற்கை இரைக்கு) கொட்டும் காசில் பாதியை, தண்ணீரின் பளபளப்பை வெட்டும் நல்ல போலரைஸ்டு கண்ணாடிக்கும் மெல்லிய லைனுக்கும் (தூண்டில் நூலுக்கும்) திருப்பிவிடலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில் ஷார்லவாய் ஏரி, அதற்குத் தெற்கே கிராண்ட் டிராவர்ஸ் விரிகுடா, இந்த இரண்டு இடங்களில்தான் பல வருஷமாக இவற்றைப் பயன்படுத்தி வருகிறேன். கலங்கல் தண்ணீரில் மீன் பிடிப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

லைனில் இருந்து ஆரம்பிக்கிறேன். ரீலில் 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), அதன் முனையில் லீடராக, அதாவது லூர் கட்டும் கடைசித் துண்டாக, 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் இழை ஒரு பத்து பன்னிரண்டு அடி. ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் மறைந்தே போய்விடும் என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பன் சுமார் 1.42, நைலான் 1.5-க்கு மேல், அதாவது நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு அதன் உண்மையான பயன் உராய்வைத் தாங்குவதில். 1980-களின் கடைசியில் வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுக்குள் வந்த ஜீப்ரா மட்டிகள் தண்ணீரை வடிகட்டி வடிகட்டித்தான் இந்தப் பக்கத்து நீர் இவ்வளவு தெளிந்தது, அதே மட்டிகள்தான் பாறை முழுக்க ஒட்டிக்கொண்டு லைனை அறுக்கின்றன. நாலைந்து மீனுக்கு ஒருமுறை லீடரின் கடைசி இரண்டு அடியை விரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பேன், சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சை வீட்டிலேயே முந்தின நாள் ராத்திரி போட்டுக்கொள்ளுங்கள், விடிகாலைக் குளிரில் மரத்துப்போன விரலோடு படகில் உட்கார்ந்து அதைப் போடுவது பெரிய தண்டனை.

இனி லூர்கள். என் பெட்டியில் இருப்பதிலேயே மலிவானது கறுப்பு மராபூ ஜிக், இரண்டு கிராமில் இருந்து மூன்றரை கிராம் வரை. முள்ளில் சின்ன ஈயத் தலை, அதன் பின்னால் மராபூ என்ற மெல்லிய இறகு, வேறு ஒன்றும் இல்லை. பார்த்தால் இதற்கா மீன் வரும் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, வெயில் ஏறி, காற்று அடங்கி, ஐந்தாறு அடி ஆழ மணல் திட்டில் மீன்கள் நிழல் நிழலாக நிற்கும்போது இதற்கு ஈடு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் பெரிய லூர் விழும் சத்தத்துக்கே கூட்டம் கலைந்துவிடும். மராபூவோ சத்தமில்லாமல் விழும், இறகு ஈரத்தில் ஒட்டி ஒல்லியாகி, அட்டை நீந்துவது போல நெளிந்துகொண்டே வரும். வேலை ஒன்றே ஒன்றுதான்: தூர வீசி, ராடு (தூண்டில் கோல்) நுனியைச் சற்றுத் தூக்கி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பது. ஆட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது. கனம் கூடியது போல் தெரிந்தால் வெட்டி இழுக்காமல் சுற்றிக்கொண்டே போனால் முள் தானாக ஏறிவிடும். இவ்வளவு லேசானதைத் தூரம் வீச ஏழரை அடி ராடு வேண்டும், குட்டை ராடில் முயன்று வெறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் முள் துருப்பிடித்து, அந்தத் துரு இறகிலும் ஏறும். காரின் டாஷ்போர்டில் காய வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

ஜெர்க்பெய்ட், அதாவது சின்ன மீன் உருவத்துக் கடின லூர், அதற்கு முந்தின கட்டத்துக்கு, தண்ணீர் 45 டிகிரியை ஒட்டி இருக்கும்போது. ராடை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துவிட்டுச் சும்மா நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் என்றால் நமக்கே சலிப்புத் தட்டும் வரை. கடி வருவது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். இருபத்தைந்து டாலர் ஜப்பான் ஜெர்க்பெய்ட்டும் வைத்திருக்கிறேன், அதில் பாதி விலைக்கு வாங்கியதும் வைத்திருக்கிறேன். விலை கூடியது எதிர்க்காற்றிலும் நேராகப் பறக்கிறது, குளிர்ந்த நீரில் அசையாமல் நிற்கிறது. மலிவானதற்குக் கொஞ்சம் ஈயத் தகடு ஒட்டினால் அதுவும் நிற்கும். பறப்பதற்கு மட்டும் பன்னிரண்டு டாலர் கொடுக்கலாமா என்பது அவரவர் பாடு.

நெட் ரிக் (Ned rig), அதாவது காளான் வடிவ ஈயத் தலையில் கோத்த குட்டை ரப்பர் புழு, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா நாளும் ஏதோ கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: எலாஸ்டெக் என்ற நன்றாக நீளும் பொருளில் செய்த புழுவை மற்ற ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக் கூழாகிவிடும், தனி உறையிலேயே வையுங்கள். அடித்தரையில் வாழும் சின்ன கோபி மீன் அதிகமுள்ள பாறைப் பகுதிக்குப் பச்சை கலந்த பழுப்பு டியூப் (குழாய் போன்ற ரப்பர் லூர்) போதும்.

கண்ணாடிக்கு வருகிறேன். செம்பு நிற லென்ஸ் வாங்குங்கள், சாம்பல் நிறத்தைவிட ஆழம் குறைந்த இடத்தில் பாறையும் மீனும் பிரிந்து தெரிகிறது. ஆனால் இதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. தண்ணீர் 60 டிகிரியை நெருங்கும்போது ஆண் மீன் சரளைக்கல்லை வாலால் துடைத்து வட்டமாகக் கூடு போட்டு முட்டைக்குக் காவல் நிற்கும், அந்த வெளிறிய வட்டம் இந்தக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அதன் மேல் எதைப் போட்டாலும் விரட்ட வாயைத் திறக்கும். அதில் திறமை என்ன இருக்கிறது? அந்த ஆண் கொஞ்ச நேரம் விலகினாலும் கோபியும் பெர்ச் மீனும் முட்டையைத் தின்றுவிடும். மிச்சிகனில் பாஸைப் பிடித்து உடனே விட்டுவிடுவதற்கு வருஷம் முழுக்க அனுமதி உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோவதற்குத்தான் பெரும்பாலான நீர்நிலைகளில் மே கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சட்டம் தடுக்கவில்லை. இருந்தாலும் கூடு தெரிந்தால் நான் படகைத் திருப்பி, இன்னும் கூடு போடாத மீன்கள் திரியும் ஆழமான விளிம்புக்குப் போய்விடுவேன். தண்ணீர் குளிர்ந்த பக்கத்தில் அவை எப்படியும் கிடைக்கும்.

லைஃப் ஜாக்கெட் மட்டும் சிக்கனம் பார்க்காத பொருள். மே மாத வெயிலில் கை சுடும், ஆனால் தண்ணீர் 50 டிகிரி என்றால் 10 செல்சியஸ். விழுந்த முதல் நிமிஷத்தில் மூச்சே கட்டுக்குள் நிற்காது, நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதைதான். காற்றடைத்து விரியும் மெல்லிய வகையைத்தான் போடுகிறேன், வீசும்போது தோளில் இடிப்பதில்லை. அதன் சிலிண்டரை ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுவேன்.