ஒரே தடவையில் புரையும் பிரஷரும்: அம்மாவின் வலது கண்

அம்மாவுக்கு 68 வயது. வலது கண்ணில் புரையும் இருந்தது, கண் பிரஷரும் இருந்தது, மூன்று சொட்டு மருந்து விட்டும் பிரஷர் 26-க்குக் கீழே இறங்கவில்லை என்பதால் இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம் என்று நாங்கள் வழக்கமாகக் காட்டும் மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போன மார்ச்சில் செய்தோம்.

டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட்டின் பின்பக்கம் கண்ணை வரைந்து, புரையை உறிஞ்சி எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பது ஒரு வேலை, உள்ளே ஊறும் நீர் வெளியேற வெள்ளை விழியில் சின்னதாக ஒரு மதகு திறந்துவிடுவது இன்னொரு வேலை என்றார். வயல்காட்டில் வளர்ந்த அம்மாவுக்கு மதகு என்றதுமே புரிந்துவிட்டது. அந்த வழி தழும்பு ஏறி அடைத்துக்கொள்ளாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தையும் வைப்பார்களாம். கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் செய்தார்கள், ஒரு மணி நேரத்தில் வெளியே கூட்டி வந்துவிட்டார்கள்.

கோபமெல்லாம் கவுன்சிலிங் மேல்தான். லென்ஸ் விலைப் பட்டியலை விரித்து "பார்வை பளிச்சுன்னு ஆயிடும்மா" என்று சொன்ன அந்தப் பெண், பிரஷரால் செத்த நரம்பு செத்ததுதான், அதனால் போன பார்வை திரும்பாது என்பதை மட்டும் வாயே திறக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்தார். அப்புறம் இடது கண்ணை மூடச் சொல்லி, மூக்குப் பக்கமாக காபி டம்ளரை நீட்டினேன், தெரியவில்லை. "இதுக்கா இவ்வளவு?" என்றார்.

இன்னொன்று, வெறும் புரை ஆபரேஷன் மாதிரி இரண்டு தடவை போய் வந்தால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மாதம் வாரா வாரம் போனோம், ஒவ்வொரு தடவையும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம். பத்தாம் நாள் பிரஷர் ஏறியிருக்கிறது என்று மதகை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு தையலை லேசரால் வெட்டிவிட்டார்கள். முன்னாடியே சொல்லியிருந்தால் லீவையாவது சேர்த்து வைத்திருப்பேன்.

இப்போது பிரஷர் 13, சொட்டு மருந்து இல்லை. மேல் இமையைத் தூக்கினால் வெள்ளையாக ஒரு கொப்புளம் தெரியும், வடியும் நீர் வந்து சேரும் இடம் அது, பயப்பட வேண்டாம். ஆனால் கண் சிவந்தாலோ வலித்தாலோ பீளை தள்ளினாலோ எத்தனை வருடம் ஆனாலும் அன்றைக்கே ஓடி வரணும் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஆபரேஷனுக்கு நாலரை ஸ்டார், கவுன்சிலிங்குக்கு ஒன்று. இடது கண்ணுக்கும் அங்கேதான் போவோம், நேராக டாக்டரிடம்.