தேர்தல் நேரத்து வாரிசு வரி பயமும், பழைய உயிலைச் சரிபார்த்துக் கொடுத்த திருச்சி வக்கீலும்

புதிதாக உயில் எழுதிக் கொடுக்க எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். ஏற்கெனவே எழுதி வைத்த உயிலைப் படித்துப் பார்த்து, இது இன்றைக்குச் செல்லுமா, எந்த வரி செல்லாது என்று பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். திருச்சியில் ஒரு வக்கீலம்மா அதைச் செய்து கொடுத்தார், நன்றாகவே செய்தார். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் பெயர் போடவில்லை. ஆனால் நீங்கள் எந்த வக்கீலிடம் போனாலும் இந்த அளவுக்காவது எதிர்பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களைப் போக வைத்தது அரசியல்தான். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசப் போக, அது பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது "செத்தால் பாதிச் சொத்து அரசாங்கத்துக்கு" என்றாகிவிட்டது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அதிலிருந்து தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம், வீட்டையும் நிலத்தையும் உடனே அண்ணன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்பார். அப்படி எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றுதான் கூட்டிப் போனோம்.

வக்கீலம்மா முதலில் பயத்தை எடுத்துக்கொண்டார். இந்தியாவில் இறந்தவர் சொத்து மேல் எஸ்டேட் டியூட்டி என்று ஒரு வரி இருந்தது உண்மை, 1953-இல் வந்தது, உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது, வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1985-இல் எடுத்துவிட்டார்கள், இன்றைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. "நாளைக்கே வந்தாலும் ஐயா, பாராளுமன்றத்துல சட்டம் போட்டு, இந்தத் தேதியிலேருந்துன்னு சொல்லித்தான் வரும். அவசரப்பட்டு எழுதிக் குடுத்தா தப்பிச்சுடலாம்னும் இல்ல" என்றார். பழைய சட்டத்திலேயே சாவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் கொடுத்த தானத்தையும் வரிக்கணக்கில் சேர்த்தார்களாம். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்து செட்டில்மென்ட். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை, உயிரோடு இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படி இல்லை, எழுதிக் கொடுத்த அன்றே சொத்து கைமாறிவிடும். செலவும் உண்டு: குடும்பத்துக்குள் என்றாலும் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பை 2023 ஜூலையில் முறையே 40,000, 10,000 என்று உயர்த்திவிட்டார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாக இருக்க வேண்டும், அதற்கும் அந்த வயதில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் அலைய வேண்டும். அப்பா அதோடு செட்டில்மென்ட் பேச்சை விட்டுவிட்டார். கொடுத்த காசு எனக்கு இதற்கே சரியாகப் போய்விட்டது.

ஆனால் அவருடைய திறமை தெரிந்தது நில விஷயத்தில். அப்பா 2003-இல் எழுதிய உயிலில் டவுன் வீடு அம்மாவுக்கு, லால்குடி பக்கத்து நிலம் முழுவதும் அண்ணனுக்கு என்று இருந்தது. வக்கீலம்மா உயிலைப் படித்துவிட்டு, நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது, தாத்தா சம்பாதித்ததா, அதற்கும் முந்தியதா, பாகப்பிரிவு நடந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார், கடைசியில் தாய்ப்பத்திரம் வரைக்கும் கேட்டு வாங்கிப் பார்த்தார். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், அதில் பிரச்சினையே இல்லை. நிலம் கூட்டுக்குடும்பச் சொத்து, பெரியப்பாவோடு நடந்த பாகப்பிரிவில் அப்பாவுக்கு வந்தது. அப்புறம் கேட்டார்: "பொண்ணுங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

அக்காவுக்கு 1987-இல், எனக்கு 1993-இல். 1989 ஜனவரியில் தி.மு.க. மறுபடி ஆட்சிக்கு வந்ததும் கலைஞர் அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி அந்த வருடம் மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. ஆக, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் எனக்குப் பங்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை. 2003-இல் உயில் எழுதும்போதே நிலத்தில் அப்பாவுக்குச் சொந்தம் மூன்றில் ஒரு பங்குதான் (மற்ற இரண்டும் அண்ணனுக்கும் எனக்கும்), அன்றைக்கு உயிலைத் தயாரித்துத் தந்தவர் அதைக் கேட்கவே இல்லை. 2005 செப்டம்பர் 9-இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது அந்தக் கல்யாணத் தேதி கணக்கு போய்விட்டது, அக்காவும் பங்காளி. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவு செய்த பாகப்பிரிவு இருந்தால் அதைத் தொட மாட்டார்கள், எங்கள் நான்கு பேருக்குள் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பங்கு பிறப்பாலேயே வருவது, அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்றைக்கு நிலத்தில் அப்பாவின் பங்கு கால்வாசி. உயிலில் அவர் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். இனிமேல் வரப்போகிற வரியை நினைத்து நாங்கள் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தபோது, எப்போதோ வந்துவிட்ட இரண்டு சட்டங்கள் எங்கள் உயிலில் பாதியை மாற்றி வைத்திருந்தன.

அண்ணனுக்கு முகம் வாடியது. ஆனால் அப்பா இருக்கும்போதே உட்கார்ந்து பேச முடிந்தது, அதுவே பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்த இன்னொன்று: எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினார். பிள்ளைகள் சொல்லிக் கொடுத்து எழுதினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம். புது உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேரும் அப்பாவைவிட வயதில் மிகச் சிறியவர்களாக இருக்கட்டும் என்றார், ஏனென்றால் பதிவு செய்த உயிலாகவே இருந்தாலும் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். அப்பா தெளிவாக இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்கச் சொன்னதும் அவர்தான்.

குறை உண்டு. முதல் வரைவு "மேற்படி", "ஷை", "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்" என்று அந்தக் காலப் பத்திரத் தமிழில் இருந்தது. அப்பாவுக்கே புரியவில்லை, கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிய வேண்டாமா? கேட்ட பிறகுதான் எளிமையாக மாற்றிக் கொடுத்தார்கள். ஜூனியரிடம் போன் செய்தால் பதில் வர நேரமாகிறது. கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், படித்துப் பார்க்க 3,000, புதிதாக எழுத 5,000, பதிவுச் செலவு தனி. இரண்டும் நியாயம்தான்.

வங்கி விஷயத்தை அவர்கள் தொடவில்லை, இதுதான் என் பெரிய வருத்தம். உயில் ஒரு பேர் சொல்லி, வைப்புத்தொகையின் நாமினி வேறு பேராக இருந்தால் வீண் சண்டை வரும் என்று நாங்களாகத்தான் யோசித்தோம். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், இது பலருக்குத் தெரிவதில்லை. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நாலு நாமினி வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். அப்பாவின் டெபாசிட் ரசீதில் பல வருடத்துக்கு முன் இறந்துபோன சித்தப்பாதான் இன்னும் நாமினி. அடுத்த வாரம் வங்கிக்குப் போகிறோம்.